மாப்பிள்ளை பார்க்க வந்த அன்று ஊளையிட்ட பெட்டி

ஒழுங்கில்லாத மனிதனால் உலகத்துக்கு வந்த சேதத்தைவிட ஒழுங்கான மனிதனால் வந்த சேதம்தான் அதிகம் என்பது என் கட்சி. ஒழுங்கில்லாதவன் குடையைத் தொலைப்பான், அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போவான், அத்தோடு சரி. ஒழுங்கானவன் அப்படியல்ல. தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாமானைப் பார்த்து, "இதைக் கொஞ்சம் நேராக்கி வைத்தால் என்ன?" என்று கையை வைப்பான். அதற்குப் பிறகு ஊர் கூடும். நான் இந்த இரண்டாவது ரகம். என் கல்யாணம் இந்தக் கையால்தான் நின்றுபோகப் பார்த்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மலாயாவில் கோலசிலாங்கூருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் கப்பலை விட்டு இறங்கும்போதே காதில் பென்சிலைச் செருகிக்கொண்டுதான் இறங்குகிறார்கள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கேலி பேசுவார்கள். (பொய்யில்லை. நான் இரண்டு பென்சிலோடு இறங்கினேன், ஒன்று சிவப்பு.) தோட்டத்தில் எல்லாமே வரிசை. மரங்கள் வரிசை, லயங்கள் வரிசை, விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆட்களும் வரிசை. அந்த வரிசைகளைக் காகிதத்தில் ஏற்றுகிறவன் நான். ஒருநாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என் கணக்குப் பக்கத்தைப் பார்த்து 'குட்' என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அன்றிலிருந்து தலைக்கனம் ஏறி, சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தைக்கூட விளிம்புக்கு நேராக வைக்கத் தொடங்கினேன்.

அதே காலத்தில் எனக்கு இன்னொரு பைத்தியமும் பிடித்தது. காற்றில் வரும் பாட்டைப் பிடிக்கிற ரேடியோப் பெட்டி. துரை படித்துவிட்டு ஆபீசுக்கு அனுப்பும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் அதைக் கட்டும் விதம் படத்தோடு வரும். சிங்கப்பூர்க் கடைக்கு எழுதிப்போட்டு வால்வுகளை வரவழைத்தேன். வால்வு என்றால் பார்ப்பதற்குச் சின்ன மின்விளக்கு போல ஒரு கண்ணாடிக் குமிழ். காற்றில் வரும் ஈனமான சத்தத்தை ஒரு குமிழ் வாங்கிப் பெரிதாக்கி அடுத்ததற்குக் கொடுக்கும், அது இன்னும் பெரிதாக்கும். கடைசியில் ஊமத்தம்பூ மாதிரி ஒரு கொம்பு வழியாகப் பாட்டு வெளியே வரும். கம்பிச் சுருள்களை நானே மூங்கில் துண்டில் சுற்றினேன். பேட்டரியை ரப்பர் ஆலை எஞ்சினில் சார்ஜ் செய்து தருவார்கள். பின்பக்கத் தென்னைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு நீளக் கம்பி இழுத்துக் கட்டினேன். அக்கா அதில் துணி காயப்போட்டாள், அது வேறு சண்டை.

நான் இருந்தது அக்கா வீட்டில். அத்தான் அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர், சோலியைத் தவிர வேறொன்றும் பேசமாட்டார். முன்னறை மேசை என் ராச்சியம். மேசைமேல் பெட்டியைப் பார்த்தால் குருவிக்கூடு மாதிரி இருக்கும். கம்பிகள் நாலு திசையிலும் துருத்திக்கொண்டு நிற்கும். ஆனால் பாடியது. ஜாவாவில் டச்சுக்காரர்கள் சாயங்காலம் போடும் பாட்டு, கடல் தாண்டி, அந்தக் கொம்பு வழியாக எங்கள் முன்னறைக்கு வந்தது. நடுநடுவே ஒரு விசில் அடிக்கும், அவ்வளவுதான். முதல் நாள் ஒரு பெண் குரல் கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா, பாட்டு விளங்கவில்லை என்றாலும் தொண்டை நல்ல தொண்டை என்றாள்.

துரையும் அந்தச் சமயம்தான் சீமையிலிருந்து கடையில் விற்கும் ரேடியோப் பெட்டி ஒன்று வரவழைத்திருந்தார். மேட்டில் அவருடைய பங்களா. சாயங்காலமானால் தன் பெட்டியில் எங்கிருந்தோ ஒரு விசில் வந்து பாட்டைக் கெடுக்கிறது என்று ஆபீசில் புலம்புவார். பெட்டி விஷயம் தெரிந்தவன் என்று என்னிடம் காரணம் கேட்டார். நான் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, "கடல் காற்று, ஐயா. உப்பு" என்றேன். எனக்கு அப்போது ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கிராணியாக இருக்கிறவன் தெரியாது என்று சொல்லக்கூடாது என்று ஓர் எண்ணம்.

இப்போது சிவகாமி. பத்துமலைத் தைப்பூசத்தில்தான் அவளை முதலில் பார்த்தேன். ஒரு மாட்டு வண்டியில் அவளுடைய இரண்டு பெரியம்மாக்கள் நிழல் பக்கம் யாருக்கு என்று தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டமே திரும்பிப் பார்த்தது. சிவகாமி ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் ஏறி, இருவருக்கும் நடுவே இடம் பண்ணி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சத்தம் நின்றுவிட்டது. அவள் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினாள். எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. கட்டினால் இவளைக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் பென்சிலோடு காலத்தைத் தள்ளவேண்டும்.

அவளுடைய அப்பா தில்லையம்பலம், பத்தாங் காலிப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்தில் தலைமைக் கிராணி. அக்கா ஆள் விட்டுப் பேசினாள். மனிதர் உடனே சம்மதிக்கவில்லை. பொடியன் வயரும் கம்பியுமாய் விளையாடுகிறானாம், மூளை சரியோ என்று கேட்டு அனுப்பினார். நேரில் வந்து வீட்டையும் பொடியனையும் பார்த்துத்தான் சொல்வேன் என்றார். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை பார்ப்பது என்றால் சும்மா இல்லை. மூக்கிலிருந்து சம்பளம் வரை பார்ப்பார்கள். அதிலும் இவர் தோட்டமெல்லாம் பெயர் போன ஒழுங்குக்காரர். வேட்டி மடிப்பில் காகிதம் வெட்டலாம் என்று பேச்சு.

வருகிறார்கள் என்றதும் அக்கா முன்னறைக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "தம்பி, இந்தக் குருவிக்கூட்டை அவையளுக்குக் காட்டப்போறியோ? வடிவா ஒதுக்கி வை" என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. இது பெட்டியல்ல, என் குணத்துக்குச் சாட்சி. மாமனார் ஆகப்போகிறவர் மூடியைத் திறந்து பார்த்தால் அசந்துபோக வேண்டும்.

பேட்டரி ஆலைக்குச் சார்ஜுக்குப் போயிருந்த சமயம் பெட்டியை முழுக்கப் பிரித்தேன். பிரித்து, பெரட்டு நடத்தினேன். வால்வுகளை ஒரே கோட்டில் நிறுத்தினேன். சுருள்களை அருகருகே, ஒன்றைப் பார்த்து ஒன்று நிற்கிற மாதிரி, தோள் உரச வைத்தேன். தென்னையிலிருந்து உள்ளே வரும் கம்பி, கொம்புக்கு வெளியே போகும் கம்பி, இடையில் போவது வருவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாக்கி, ஆபீசில் ஆள்கணக்கு எழுதும் செக்ரோல் தாள்களைக் கட்டும் மெழுகு நூலால் கல்யாணப் பெண்ணின் சடை மாதிரி இறுக்கிப் பின்னி, பலகை ஓரமாய் வளைத்துவிட்டேன். ஒரு கம்பிகூட வெளியே தெரியவில்லை. அத்தானே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பேட்டரி இல்லாததால் போட்டுப் பார்க்கவில்லை. (போட்டுப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இவ்வளவு அழகாக இருப்பது வேலை செய்யாமல் போகுமா என்ன?)

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். தில்லையம்பலமும் அவர் மனைவியும். வேட்டி மடிப்பைப் பற்றிச் சொன்னது மெய்தான். வெற்றிலைத் தட்டும் பாக்குவெட்டியும் மேசைமேல் வைத்தாயிற்று. அக்கா தேத்தண்ணீரும் புதிதாய்த் திறந்த பால் டின்னும் கொண்டுவந்தாள். தகரத்தில் வரும் அந்தக் கெட்டிப் பால், அன்றைக்கு மரியாதைக்குரிய சாமான். பெரியவர் பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "நல்ல ஒழுங்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைக் கட்டியது இந்தக் கைதான் மாமா, இனி ஜாவாவைக் கேளுங்கள் என்று வாயில் மாமாவே வந்துவிட்டது. ஆலையிலிருந்து வந்திருந்த பேட்டரியை மாட்டினேன்.

முதலில் ஒரு கொசு. பிறகு கொசு பன்றியாயிற்று. நான் ஒரு திருகைத் திருகினேன். அது ஆலைச் சங்காக மாறி, ஒரே ஊளையாய், நிற்காமல், கொம்பு நடுங்க அலறத் தொடங்கியது. எந்தத் திருகைத் தொட்டாலும் ஊளையின் ராகம் மாறியதே தவிர ஊளை குறையவில்லை. சிவகாமியின் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். தோட்டத்து நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து கூடவே பாடின. (பேட்டரிக் கம்பியைக் கழற்றினால் நின்றிருக்கும். அது தோன்றவில்லையா என்று கேட்காதீர்கள், தோன்றியது. கழற்றினால் பெட்டி செத்தது என்று அர்த்தமாகிவிடும். ஊளையிட்டாலாவது உயிர் இருக்கிறதே. என் புத்தி அப்படிப் போயிற்று.)

பெரியவர் முகம் இறுகியது. "இதுவோ நீர் சொன்ன ஜாவா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் தடதடவென்று ஓட்டம். எங்கள் தோட்டத்தில் நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் ஒரே அர்த்தம்தான், ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடம் பற்றிக்கொண்டது. லயத்து ஆண்கள் கையில் கிடைத்த வாளி, அண்டா எல்லாவற்றிலும் தண்ணீரோடு வந்துவிட்டார்கள். முன்னால் மண்டோர் முனியாண்டி. ஆட்களை மேய்க்கிற மனிதர், வேலையில் சந்தேகம் என்பதே கிடையாது. சத்தம் இங்கிருந்து வருகிறது, உள்ளே குமிழ்கள் சிவப்பாய் எரிகின்றன, ஆகவே தீ இங்கேதான். "தள்ளிக்கங்க கிராணியய்யா" என்று வாளியைத் தூக்கினார்.

நான் பாய்ந்து பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். தண்ணீர் பாதி என் முதுகிலும் பாதி மாமனாரின் வேட்டி மடிப்பிலும் போயிற்று. அந்த மடிப்பு அதோடு முடிந்தது. அந்த வேளை பார்த்துத்தானா வாசல் கூட்டம் விலகி வழிவிட வேண்டும்? துரை நின்றார், பக்கத்தில் ஊளையிடும் நாயோடு. பங்களாவில் அவருடைய பெட்டியும் இதே ஊளை போட, கோபத்தில் வெளியே வந்தவர் காதால் மோப்பம் பிடித்து மேட்டிலிருந்து இறங்கியிருந்தார்.

"கிராணி. இத்தனை நாளும் கடல் காற்று நீதானா?" என்று தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். சத்தியமாய் வேலையைப் பற்றிக் கவலை வரவில்லை. வேலையில்லாதவனுக்குப் பெண் கொடுப்பார்களா என்பதுதான் வந்தது. மாட்டு வண்டியில் கடலை சாப்பிட்ட பெண் எனக்கில்லை என்று ஆகப்போகிறதே. ஈரச் சட்டையோடு, பெட்டியைக் கட்டிக்கொண்டு, அழாக்குறையாய் நின்றேன். எவ்வளவு நேர்த்தியாய்ச் சடை பின்னினேன், இந்த மூதேவிப் பெட்டிக்கு என்ன குறை வைத்தேன் என்று ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. அந்தச் சடையைப் பிய்த்தெறிய நினைத்து நடுவே விரலை நுழைத்தேன்.

ஊளை தணிந்தது.

விரலை எடுத்தேன், ஊளை. நுழைத்தேன், கம்பிகள் விலகின, தணிந்தது. முனியாண்டி அடுத்த வாளியைக் கீழே வைத்துவிட்டு இதைப் பார்த்தார். எனக்குத் தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. லயத்தில் ஒரு வீட்டில் சொன்ன வம்பு ஏழு வீடு சுற்றிப் பெருத்துப்போய்ச் சொன்னவள் காதுக்கே திரும்பி வந்தால் என்ன ஆகும்? அவள் இன்னும் சத்தமாய்ச் சொல்வாள், அது இன்னும் பெருத்துத் திரும்பும், அப்புறம் யார் தொடங்கினார்கள் என்றே தெரியாமல் கூச்சல் மட்டும் மிஞ்சும். என் பெட்டியில் நடந்தது அதுதான். பெரிதாகி வெளியே போகும் சத்தத்தையும், ஈனமாய் உள்ளே வரும் சத்தத்தையும் ஒரே சடையில் பின்னி, காதோடு வாயை வைத்துக் கட்டியவன் நான். வெளியே போனது உள்ளே ஒழுகி, மறுபடி பெருத்து, மறுபடி ஒழுகி, ஜாவாவே தேவையில்லாமல் தானாகப் பாடிக்கொண்டிருந்தது. அதோடு விட்டதா? தென்னைக் கம்பி வழியாக மேட்டுப் பங்களாவுக்கும் போயிருக்கிறது. அந்தக் குருவிக்கூட்டில் கம்பிகள் ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்ததால்தான் பாட்டு வந்தது, விசிலோடு நின்றது.

பேட்டரியைக் கழற்றினேன். அந்த அமைதியில் நாய்களுக்கு வெட்கமாகிவிட்டது. "ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்று துரையிடம் சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தேன். மெழுகு நூலைத் துண்டு துண்டாய் நறுக்கினேன். உள்ளே வரும் கம்பியை இடப்பக்கம் இழுத்துப் போட்டேன், வெளியே போவதை வலப்பக்கம். தோள் உரச நின்ற சுருள்களில் ஒன்றைப் பிடுங்கிப் படுக்கப்போட்டேன், இனி ஒன்றையொன்று பார்க்க வேண்டாம். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நடுவே ஒரு மறைப்பு வேண்டும், தகரமாக இருந்தால் நல்லது. மேசைமேல் பால் டின் இருந்தது.

டின்னில் பால் நிறைய இருந்தது. யோசிக்க நேரமில்லை. அத்தனையையும் பெரியவரின் தேத்தண்ணீர்க் கோப்பையில் கவிழ்த்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். டின்னைத் துடைத்து, இரண்டு சுருள்களுக்கும் நடுவே நிறுத்தி, அதிலிருந்து ஒரு கம்பியை மண்ணுக்குப் போகும் கம்பியோடு சேர்த்து முறுக்கினேன். பெட்டி முன்பைவிடக் கேவலமாய், குப்பைக் கூடை மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியை மாட்டினேன்.

ஒன்றுமில்லை. ஊளையும் இல்லை, விசிலும் இல்லை. திருகை மெல்ல நகர்த்தினேன். எங்கோ ஒரு வயலின் எழுந்தது. அதன்மேல் ஒரு பெண் குரல் ஏறியது, அதே நல்ல தொண்டைக்காரி. குருவிக்கூடு நாளில்கூட இவ்வளவு சுத்தமாய்க் கேட்டதில்லை. வாளியோடு வந்தவர்கள் வாசலில் அப்படியே குந்திவிட்டார்கள். முனியாண்டி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், கோயிலில் நிற்கிற மாதிரி. துரை தொப்பியைக் கழற்றி, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஒரு துரை கிராணி வீட்டு வாசலில் வாளிமேல் உட்கார்ந்து பாட்டுக் கேட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? நானே ஜாவாவை நீந்திப்போய் இழுத்துவந்த மாதிரி இருந்தது.

பாட்டு முடிந்ததும் துரை எழுந்து, என்ன செய்தாய் என்று கேட்டார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, "கடல் காற்று திசை மாறிவிட்டது, ஐயா" என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை நிறுத்த முடியாமல், நாயை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். மறுநாள் ஆபீசில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருடைய பெட்டிக்கு விசிலும் வரவில்லை.

ஆனால் என் விஷயம் அந்த அறையில்தான் இருந்தது. தில்லையம்பலம் ஈர வேட்டியோடு நாற்காலியில் இருந்தார். பாட்டுக் கேட்டபடியே அந்தப் பால் பாயசத்தைத் தன்னையறியாமல் முழுக்கக் குடித்து முடித்திருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார். குப்பைக் கூடையாய்க் கிடந்த பெட்டியைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சத்தம் போட ஆராலும் ஏலும். போட்ட சத்தத்தை நிப்பாட்டத் தெரிஞ்ச பொடியன்தான் எங்கட குடும்பத்துக்கு வேணும்" என்றார். சிவகாமியின் அந்த இரண்டு பெரியம்மாக்களையும் வீட்டில் வைத்திருந்த மனிதர், அனுபவித்துச் சொன்னார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாமனார் அதன்பிறகு ஆயுள் முழுக்கத் தேத்தண்ணீருக்குப் பால் சேர்க்கவில்லை.

அந்தப் பால் டின் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேர் கத்திச் சண்டை போட்டால் சிவகாமி அடிக்கமாட்டாள், அதட்டமாட்டாள். டின்னைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவே வைத்துவிட்டுப் போய்விடுவாள். இப்போது பேரப்பிள்ளைகள் வரை வந்துவிட்டது. கல்யாண வீட்டில் ஆகாத சம்பந்திகளுக்கு நடுவே யாரைப் பந்தியில் உட்கார வைப்பது என்று பேச்சு வந்தால், "பால் டின் யார்?" என்றுதான் கேட்பார்கள். பெயர்க்காரணம் தெரியாத மருமகள்களுக்கு இந்தக் கதை முழுக்கச் சொல்லப்படும், மாமனார் குடித்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

எனக்குத்தான் ஒரு விஷயம் விளங்க வெகுகாலம் பிடித்தது. டின்னைக் கண்டுபிடித்தவன் நான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பத்துமலை மாட்டு வண்டியில் அவள் அதை எனக்கு முன்பே செய்துவிட்டாள், பெட்டியும் இல்லாமல் பேட்டரியும் இல்லாமல். நான் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சடை பின்னியிருக்கிறேன். ஒருநாள் இதை அவளிடமே சொன்னேன். அவள் சிரித்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கியபோது, முதல் வேலையாக அவளுடைய அடுக்களை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி வைத்தேன். மறுநாள் மிளகாய்த்தூள் டப்பாக்களையும். மூன்றாம் நாள் காலை எழுந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்கும் அவள் தட்டுக்கும் நடுவே பால் டின் இருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்தேன். திரும்பி வரும்போது அடுக்களையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.